முருங்கை மரம் தெரிந்தவள்: ஆணைப் பின்தொடரும் பெண்ணை எழுதுவோருக்கு ஒரு கையேடு

பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு மேடை நாடகத்தில், அலுவலக ஊழியன் ஒருவனை ஒரு பெண் விடாமல் பின்தொடர்வாள். அவள் பேசுவதெல்லாம் சிரிப்பு வரவேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டவை. "நேத்து நீலச் சட்டை போட்டிருந்தீங்க, ஆறு பத்து பஸ்ஸை விட்டுட்டு ஆறரை பஸ்ஸுல போனீங்க, உங்க வீட்டுக் கொல்லையில முருங்கை பூத்திருக்கு" என்று அவள் மூச்சுவிடாமல் சொல்லும் இடத்தில், ஒத்திகையைப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருநாள் அந்த நடிகைக்குக் காய்ச்சல். ஒத்திகை நின்றுவிடக் கூடாது என்று, விளக்குகளைக் கவனித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவன் அவளுடைய பகுதியைத் தாளைப் பார்த்து வாசித்தான். நாயகனாக நடித்தவரும் வரத் தாமதமானதால், எதிர் வசனத்தை இன்னொரு நடிகை வாசித்தார். அந்தத் தம்பிக்கு நடிக்கத் தெரியாது, ஏற்ற இறக்கமில்லாமல் படித்துக்கொண்டே போனான். முருங்கை மரத்திற்கு வந்தபோது அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஓர் ஆள் அந்த வீட்டின் கொல்லைப்புறம் வரை வந்துபோயிருக்கிறான் என்பது எங்கள் எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. அதை எழுதிய எனக்கும் அப்போதுதான் உறைத்தது என்பதைத்தான் இன்றுவரை வெட்கத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

சிறுகதையோ நாடகமோ திரைக்கதையோ எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட ஒரு பெண்ணைப் படைக்க நேரும்போது என்னென்ன பார்க்கவேண்டும் என்பதை, அந்த நாடகத்திலும் அதன்பின் படித்துத் திருத்திக் கொடுத்த கையெழுத்துப் பிரதிகளிலும் நான் கற்றுக்கொண்ட அளவில் இங்கே சொல்கிறேன். இத்தகைய பாத்திரத்தை எழுதவே கூடாது என்பது என் கட்சி அன்று. சிரிப்பே கூடாது என்பதும் அன்று.

முதல் வேலை, எங்களுக்குத் தற்செயலாக வாய்த்ததை நீங்கள் வேண்டுமென்றே செய்து பார்ப்பதுதான். காட்சியை எழுதி முடித்ததும் ஆண் பேசுவதைப் பெண்ணுக்கும் பெண் பேசுவதை ஆணுக்கும் மாற்றி, நடிக்கத் தெரியாத யாரையாவது வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மனத்துக்குள் மாற்றிப் பார்த்தால் போதாது, ஏனென்றால் எழுதியவரின் காதில் பழைய குரலே ஒலித்துக்கொண்டிருக்கும். சிரிப்பு எந்த வரியில் நிற்கிறது என்று கவனித்து, அந்த வரியின் அருகே ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்த வரியில் இருப்பது வெறும் வேடிக்கை இல்லை, ஒரு தகவல்: அவளுக்கு அவனுடைய வீடு தெரியும், நேரம் தெரியும், அவன் தனியாக இருக்கும் பொழுது தெரியும். பெண் குரலில் சொல்லப்பட்டதால் அந்தத் தகவல் சிரிப்புக்குள் மறைந்து கிடந்தது.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ஆண், பெண் பேச்சை மாற்றினால் எல்லாம் சமமாகிவிடும் என்று நினைப்பது தவறு. இரவில் தன் பின்னால் கேட்கும் காலடியோசை ஒரு பெண்ணுக்குச் சொல்லும் செய்தியும் ஓர் ஆணுக்குச் சொல்லும் செய்தியும் ஒன்றல்ல. பின்தொடரப்பட்டு உயிரிழந்த பெண்களின் செய்திகளை நாம் எத்தனையோ முறை படித்தாயிற்று. 2016 ஜூன் மாதம் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டபின், நாயகர்கள் பெண்களைத் துரத்துவதைத் தமிழ்த் திரைப்படங்கள் காதலாகக் காட்டிவருவது பற்றி நீண்ட விவாதமே நடந்தது. ஆகவே, பெண் பின்தொடரும் காட்சியை வைத்து "ஆண்களுக்கும் இதே கொடுமைதான்" என்று வழக்காட வருகிற கதையை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். அவன் இழப்பது வேறு. அது என்ன என்று தேடிக் கண்டுபிடிப்பதே எழுதுகிறவரின் வேலை.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் அதைத் திருத்த முடியாது. நம் திரைமரபில் ஒரே செயலுக்கு மூன்று பெயர்கள் உண்டு: நாயகன் பின்தொடர்ந்தால் காதல், வில்லன் பின்தொடர்ந்தால் குற்றம், பெண் பின்தொடர்ந்தால் காமெடி டிராக். அந்த மூன்றாவதற்குள்ளும் இரண்டு வகை உண்டு. பின்தொடர்கிறவள் அழகி என்று படம் முடிவு செய்துவிட்டால், நாயகனின் நண்பர்கள் "கொடுத்து வச்சவன்டா நீ" என்பார்கள்; அவள் உலகம் தெரியாத லூசுப் பெண்ணாகத் துள்ளிக்கொண்டு வருவாள். அவள் பருமனானவள், வயது கூடியவள், கருத்தவள் என்றால், அவள் கதவைத் தட்டும்போதே பின்னணி இசை கோமாளித்தனமாக மாறிவிடும். அவன் கட்டிலுக்கு அடியில் ஒளிவான், அவன் ஒளிவதைப் பார்த்து நாம் சிரிப்போம். முதல் வகையில் அவன் சொல்லும் "வேண்டாம்" நம்பப்படுவதில்லை. இரண்டாவது வகையில் நம்பப்படுகிறது, ஆனால் அவளுடைய உடம்பைக் கேலி செய்யும் ஒரு சாக்காக மட்டுமே நம்பப்படுகிறது. இரண்டிலும் அடியில் கிடக்கும் எண்ணம் ஒன்றுதான்: ஒரு பெண்ணின் விருப்பத்தால் யாருக்கும் எதுவும் நேர்ந்துவிடாது. இந்த எண்ணம் ஆணை மட்டுமா அவமதிக்கிறது? அவளையும் சேர்த்தே அவமதிக்கிறது என்பது என் கருத்து, ஏனென்றால் அவள் செய்வதற்கு விளைவே இல்லை என்று ஆகிவிட்டால் அவள் மனிதப் பிறவியாகவே கணக்கில் வருவதில்லை.

இந்த எண்ணம் திரைப்படத்தோடு பிறந்ததும் இல்லை. காதல் கைகூடாத ஆண் பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறித் தெருவில் வந்து ஊரறியத் தன் நோயைச் சொல்வதை மடலேறுதல் என்று நம் இலக்கியம் அழைத்தது. இன்றைய கண்ணால் பார்த்தால் அது ஒரு பெண்ணின் பெயரைச் சந்தியில் இழுத்து அவள் வீட்டாரைப் பணியவைக்கும் மிரட்டல்தான். தொல்காப்பியம் எந்தத் திணையிலும் பெண்ணுக்கு மடலேறும் வழக்கம் இல்லை என்றது. கடலளவு காமம் வருத்தினாலும் மடலேறாமல் பொறுத்திருப்பதே பெண்ணின் பெருமை என்று குறள் (1137) அதைப் புகழாகவே மாற்றியது. பெண் பின்னால் போகமாட்டாள் என்பது விதியாகிவிட்டால், போகிறவள் ஒன்று கோமாளியாகவேண்டும், இல்லையேல் அரக்கியாகவேண்டும். திருமங்கையாழ்வார் தம் இரண்டு திருமடல்களிலும் நாயகி நிலையில் நின்று "மடலேறுவேன்" என்று மாலுக்கே சவால் விடும்போது அந்த விதியைத் தெரிந்தே உடைக்கிறார். பக்தி என்பதால் அங்கே யாரும் சிரிக்கவில்லை.

சிரிப்பும் கத்தியும் ஒரே காட்சியில் நிற்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் சூர்ப்பணகையிடம் போகவேண்டும். அவள் தன் விருப்பத்தைச் சொல்கிறாள். இராமன் அவளோடு விளையாட்டாகப் பேசுகிறான். வான்மீகி இராமாயணத்தில் அவன் அவளைத் தம்பியிடம் அனுப்ப, தம்பி திரும்ப அண்ணனிடம் அனுப்ப, அது பரிகாசம் என்றே அவளுக்கு விளங்கவில்லை. அவள் சீதையின்மேல் பாய்ந்த பிறகுதான், இப்படிப்பட்டவர்களிடம் பரிகாசமே கூடாது என்று இராமன் சொல்கிறான். அடுத்து மூக்கும் காதும் அறுபடுகின்றன. சற்று முன்புவரை சிரிப்பாக இருந்தவள் ஒரு நொடியில் அரக்கியாகிவிடுகிறாள், இடையில் வேறு படி ஏதும் இல்லை.

மேற்கிலும் இதே இரண்டு முனைகள்தான். ஷேக்ஸ்பியரின் 'நடுவேனிற்கால இரவுக் கனவு' நாடகத்தில் ஹெலெனா தன்னை வெறுக்கும் டெமெட்ரியஸைக் காட்டுக்குள் துரத்திக்கொண்டு போகிறாள்; ஆண்களைப்போல் காதலுக்காகப் போராட எங்களுக்கு வழியில்லையே என்று புலம்பவும் செய்கிறாள். கடைசியில் மந்திரப் பூச்சாறு அவன் கண்ணில் பிழியப்பட்டு அவன் அவளைக் காதலிக்கிறான். அதே சாறு பிழியப்பட்ட இன்னொரு காதலன் லைசாண்டரின் கண்ணிலிருந்து நீக்கப்படும் மயக்கம் டெமெட்ரியஸின் கண்ணிலிருந்து மட்டும் கடைசிவரை நீக்கப்படுவதில்லை. மயக்கத்திலேயே திருமணமும் நடக்கிறது, நாமும் கைதட்டுகிறோம். மறுமுனையில், மணமான ஒருவனை ஒரு பெண் விடாமல் துரத்தும் கதையோடு 1987-இல் வந்த ஹாலிவுட் படம் 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' இருக்கிறது. முதலில் எடுத்த முடிவில் அந்தப் பெண் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வாள்; முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்கு அது பிடிக்காததால், மனைவி அவளைச் சுட்டுக் கொல்வதாக மாற்றி எடுத்தார்கள். பார்வையாளர்களுக்கு நோயாளி தேவைப்படவில்லை, பேய் தேவைப்பட்டது.

கதைக்கு வெளியிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் டேவிட் லெட்டர்மேனின் மனைவி தானே என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் 1988-இல் அவருடைய காரில் பிடிபட்டார், பின்னர் பலமுறை அவர் வீட்டுக்குள்ளும் வளாகத்துக்குள்ளும் நுழைந்து கைதானார். அந்தப் பெண் இரவுநேர நகைச்சுவைத் துணுக்குகளுக்குப் பொருளானார். அவருக்கு இருந்தது மனச்சிதைவு நோய். 1998-இல் ரயிலின் முன் உயிரை விட்டார். பத்தாண்டுச் சிரிப்பில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். காட்சி அப்படி அமைக்கப்பட்டிருந்தது.

இனி, எழுதும் முறைக்கு வருவோம். சொல்லிக் காட்டுவதைவிட ஒரு காட்சியைப் பிரித்துக் கோத்துக் காட்டுவது எளிது. திருநெல்வேலியில் ஒரு கூட்டுறவு வங்கி, எதிர்வரிசையில் ஒரு ஜெராக்ஸ் கடை. வங்கியில் கிளார்க்காக இருக்கும் சரவணனுக்கு, ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் மல்லிகா நாள்தோறும் டிபன் பாக்ஸில் சாப்பாடு கொண்டுவருகிறாள். வழக்கமான முறையில் எழுதினால், அவள் உள்ளே வந்ததும் அவன் மேசைக்கு அடியில் குனிவான், சக ஊழியர்கள் கண்ணடிப்பார்கள், அவள் பெரிய பூவும் அகலப் பொட்டுமாக "அத்தான்" என்பாள். இதை அப்படியே தூக்கி எறிய வேண்டியதில்லை. டிபன் பாக்ஸ் நல்ல பொருள், அதை வைத்துக்கொள்ளுங்கள். பூவையும் பொட்டையும் மேசைக்கு அடியில் குனிவதையும் மட்டும் எடுத்துவிடுங்கள்.

முதல் நாள் எலுமிச்சைச் சாதம். சரவணன் "இல்லைங்க, வேண்டாங்க" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கிறான். இரண்டாம் நாள் அவன் பணப்பெட்டியை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாக்ஸைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போகிறாள். பக்கத்து மேசைக்காரர் அதைத் திறந்து, "சும்மா சொல்லக்கூடாது தம்பி, கைப்பக்குவம் பிரமாதம்" என்று முழுவதையும் சாப்பிட்டு, கழுவாமல் மூடி வைக்கிறார். இதுவரை வாசகர் சிரிக்கலாம், சிரிக்கவும் வேண்டும். மாலையில் மல்லிகா அந்தப் பாக்ஸை எடுத்துப் பார்க்கிறாள்: காலி. ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. கடையின் பின்பக்கக் குழாயடியில் அதைத் தேய்த்துக் கழுவும்போது அவள் மெல்லப் பாடுகிறாள். இந்த ஒரு சிறிய காட்சி, பெரிய வசனம் ஏதுமின்றி, அவளுடைய தர்க்கத்தை நமக்குக் காட்டிவிடுகிறது. அவளுக்குப் பைத்தியம் இல்லை. கிடைத்த சாட்சியத்தைத் தனக்கு வேண்டிய விதத்தில் படித்துக்கொள்கிறாள். அவனுடைய "வேண்டாங்க" வெறும் கூச்சம், காலியான பாக்ஸே உண்மையான பதில். நாயகிகளின் "வேண்டாம்" என்பதை நம் நாயகர்கள் எப்படிப் படித்தார்களோ அதே இலக்கணத்தில்தான் அவளும் படிக்கிறாள். எங்கே கற்றுக்கொண்டாள் என்று நீங்கள் சொல்லவேண்டியதே இல்லை.

நான்காம் நாள் பாக்ஸ் கவுண்டருக்கு வரவில்லை. அவன் பைக்கின் கைப்பிடியில் மஞ்சள் பையில் தொங்குகிறது. அங்கே இருபது வண்டிகள் நிற்கின்றன. ஒன்பதாம் நாள் அது அவன் வீட்டுக் கேட்டில் தொங்குகிறது. உள்ளே வெண்டைக்காய்ப் பொரியல், வெங்காயம் போடாமல். புரட்டாசி பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் வெங்காயம் சேர்ப்பதில்லை என்பதைச் சரவணன் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. பையை எடுத்துவந்த அம்மாவின் முகமெல்லாம் மலர்ச்சி: "யாருடா அந்தப் பொண்ணு? நல்லது கெட்டது தெரிஞ்ச பிள்ளையா இருக்காளே!"

இதில் மல்லிகாவின் முகம் ஒரு தடவைகூடக் கோணவில்லை என்பதைக் கவனியுங்கள். கத்தி இல்லை, கண்ணில் வெறி இல்லை, இசை மாறவில்லை. நகர்ந்தது பாக்ஸ் வைக்கப்படும் இடம் மட்டும்தான்: கவுண்டர், வண்டி, கேட். வாசகர் சிரித்த அதே பொருளை அதே சிரிப்போடு இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்து வைத்தால் போதும். சிரிப்பு எந்த நாளில் நின்றது என்று வாசகருக்கே தெரியாதபடி நிற்பதுதான் இவ்வகைக் காட்சியின் வெற்றி. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஐந்தாம் நாளே அவளை விஷம் வைக்க விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சூர்ப்பணகையிடம்தான் திரும்பிப் போகிறோம்.

அடுத்தது, அவன் யாரிடம் சொல்கிறான் என்பது. இந்தக் கதைகளில் ஆண் இழப்பதன் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. மேலாளர் "ஒரு பொண்ணைப் பார்த்தா பயப்படுற?" என்று கேட்பார், நண்பர்கள் பொறாமைப்படுவார்கள், அம்மா சம்பந்தம் பேசப் புறப்படுவார். காவல் நிலையக் காட்சி எழுதுவதாக இருந்தால் சட்டத்தையும் சரியாக வையுங்கள். பின்தொடர்தல் இந்தியாவில் தனிக் குற்றமானது 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354-டி பிரிவாக. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு. முதல் முறை மூன்றாண்டு வரையும் மறுபடி செய்தால் ஐந்தாண்டு வரையும் சிறை உண்டு. ஆனால் குற்றம் செய்பவர் ஆண், பாதிக்கப்படுபவர் பெண் என்றே அந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே சரவணனின் புகாரை அந்தப் பிரிவில் பதிய முடியாது. மிரட்டல், அத்துமீறி நுழைதல் போன்ற பொதுவான பிரிவுகளைத்தான் பார்க்கவேண்டும். கேட்டில் வெண்டைக்காய்ப் பொரியலைத் தொங்கவிடுவது இதில் எதில் சேரும் என்று ஓர் உதவி ஆய்வாளர் உண்மையாகவே குழம்பலாம். அவரைக் கேலிக்காரராகக் காட்டுவதைவிட, உதவ நினைத்தும் எழுதுகோலை வைத்துக்கொண்டு யோசிப்பவராகக் காட்டுவது கதைக்கு வலிமை. இங்கிலாந்தில் கதை நடந்தால் நிலைமை வேறு; அங்கே 1997-ஆம் ஆண்டின் தொந்தரவுத் தடுப்புச் சட்டம் ஆண், பெண் என்று பிரித்துப் பேசுவதில்லை. ஆனாலும் தயக்கம் அங்கேயும் உண்டு. 2024-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பேபி ரெய்ன்டீர்' தொடர், தன்னைப் பின்தொடரும் பெண்ணைப் பற்றி ஓர் ஆண் புகார் கொடுக்கப் போவதில்தான் தொடங்குகிறது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவனிடம் கேட்கிறார்கள். தொடர் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

அதே தொடரிலிருந்து எச்சரிக்கை ஒன்றும் கிடைக்கிறது. இது உண்மைக் கதை என்ற அறிவிப்போடு வந்ததால், பார்த்தவர்கள் இணையத்தில் துருவி ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பின்தொடர்தலைப் பற்றிய கதையால் ஒருவர் ஊராரால் பின்தொடரப்படுவது எவ்வளவு விபரீதம்! உங்களுக்கோ நண்பருக்கோ நேர்ந்ததை எழுதுகிறீர்கள் என்றால், ஊர், தொழில், வயது, பேச்சுவழக்கு நான்கையும் மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றுவது போதவே போதாது.

கோமாளியும் வேண்டாம், அரக்கியும் வேண்டாம் என்றால் ஏங்குகிற பெண்ணை எப்படித்தான் எழுதுவது என்று கேட்பவர்களைப் புறநானூற்றின் 83, 84, 85-ஆம் பாடல்களைப் படிக்கச் சொல்வேன். நக்கண்ணையார் என்ற பெண்பாற்புலவர் பாடியவை, திணை கைக்கிளை, அதாவது ஒருதலைக் காமம். சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போரைப் பார்க்கச் சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, தன் வீட்டுப் பனைமரத்தைப் பொருந்தி நின்றபடி அவன் வெற்றியை அவள் காண்கிறாள். அவளும் ஒளிந்திருந்து பார்ப்பவள்தான். ஆனால் அவள் நிற்பது தன் வீட்டு மரத்தின் அருகில், அவன் வீட்டு மரத்தின் அருகில் அன்று. தாய்க்கு அஞ்சுகிறாள், அவைக்கு நாணுகிறாள், அவனிடம் எதையும் பறிக்கவில்லை. உங்கள் பாத்திரம் ஏங்குகிறவளா பின்தொடர்கிறவளா என்று உங்களுக்கே ஐயம் வந்தால், அவள் எந்த மரத்தின் கீழ் நிற்கிறாள் என்று பாருங்கள்.

என் நாடகத்தைப் பிறகு திருத்தினேன். முருங்கை வசனத்தை எடுத்துவிடவில்லை. இடத்தை மட்டும் மாற்றினேன். நீலச் சட்டையும் ஆறரை பஸ்ஸும் முதல் காட்சியிலேயே நின்றன, அரங்கம் வழக்கம்போல் சிரித்தது. கடைசிக் காட்சியில் அவன் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய், புதிதாகப் பிடித்த வாடகை வீட்டில் தொலைபேசியை எடுக்கிறான். அவள் நலம் விசாரிக்கிறாள், அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்கிறாள், பிறகு கொஞ்சம் தயங்கி, "இங்கயும் முருங்கை இருக்குங்க, ஆனா இன்னும் பூக்கல" என்கிறாள். விளக்கைச் சட்டென்று அணைக்காதே என்று அந்தத் தம்பியிடம் சொல்லி வைத்திருந்தேன். நாயகன் ரிசீவரைக் கையில் பிடித்தபடி பின்வாசல் கதவைத் திரும்பிப் பார்க்கும்வரை அது எரிந்தது.